குவாதலூப்: கரும்புத் தீவின் கதை

கரும்புத் தோட்டத்துத் துயரம் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் முதலில் எழுவது பிஜித் தீவு. பாரதி பாடியதால் அது நம் நினைவில் நிலைபெற்றுவிட்டது. இலங்கை மலையகமும் மலேயாவின் ரப்பர்க் காடுகளும் சிறுகதைகள், நாவல்கள் வழியே நமக்கு அறிமுகமானவை. ஆனால் பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த புதுச்சேரியிலிருந்து, அவர் அங்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கிப் புறப்பட்ட கப்பல்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அவை சென்று சேர்ந்த இடங்களில் ஒன்று, கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட குவாதலூப்.

அத்தீவின் வரலாற்றையும் அங்கே காணத்தக்கவற்றையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம். தமிழர் கதை இதன் பிற்பகுதியில்தான் வருகிறது. அவர்கள் போய் இறங்குவதற்கு முன் அந்த மண்ணில் யார் உழைத்தார்கள், எப்படி மடிந்தார்கள் என்பதை அறியாமல் தமிழர் கதையை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அது பாதிக் கதையாகவே நிற்கும்.

இரு சிறகுகள்

வரைபடத்தில் குவாதலூப் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். மேற்குச் சிறகு பாஸ்-தேர். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். இரண்டையும் பிரிப்பது 'உப்பாறு' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒடுங்கிய கடற்கால். கிராந்த்-தேர் சுண்ணாம்புப் பாறையாலான சமநிலம். கரும்பு செழித்தது பெரும்பாலும் அங்கேதான். பாஸ்-தேர் எரிமலையால் உருவான மலைநாடு. அதன் தென்பகுதியில் 1,467 மீட்டர் உயரத்தில் நிற்கும் சூஃப்ரியேர் எரிமலையே சிறிய அண்டிலீஸ் தீவுகளின் மிக உயர்ந்த சிகரம். 1976இல் அது குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அஞ்சிய பெருவெடிப்பு நிகழவில்லை. ஆளற்ற அந்த நகரத்தில் நடந்து திரிந்து ஜெர்மானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் எடுத்த ஆவணப்படத்தை உலக சினிமா ஆர்வலர்கள் அறிந்திருக்கலாம்.

மலையின் கிழக்குச் சரிவில் மூன்று படிகளாக வீழ்கிறது கார்பே அருவி. அவற்றுள் இரண்டு நூறு மீட்டருக்கும் அதிக உயரமுடையவை. மழைக்காடுகளை உள்ளடக்கிய தேசியப் பூங்கா 1989இல் அமைந்தது. மேற்குக் கரையில் புறாத் தீவுகள் எனப்படும் சிறு திட்டுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள், கடலாய்வாளர் கூஸ்தோவின் பெயரால் அறியப்படுகின்றன. கிழக்குக் கோடியில் அலைகள் அறைந்து அறைந்து கோட்டைகளைப் போலச் செதுக்கிய பாறை முனை ஒன்று உண்டு. அதன் பெயரே 'கோட்டை முனை'. சற்றுத் தள்ளி மரி-கலாந்த், லா தெசிராத், லே சேந்த் ஆகிய தீவுகள். இவை அனைத்தும் சேர்ந்ததே குவாதலூப். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,600 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

பழைய பெயரும் புதிய பெயரும்

இத்தீவுக்கு அதன் பழங்குடியினரான கலினாகோ மக்கள் இட்ட பெயர் கருக்கேரா. அழகிய நீர்களின் தீவு என்று அதற்குப் பொருள் சொல்வர். அவர்களுக்கும் முந்தைய மக்கள் பாறைகளில் கீறிய மனித முகங்களை பாஸ்-தேரின் தெற்கே த்ருவா-ரிவியேர் என்ற ஊரில் இன்றும் காணலாம்.

1493 நவம்பரில், தம் இரண்டாவது பயணத்தில், கொலம்பஸ் இங்கே கரையிறங்கினார். ஸ்பெயினிலுள்ள குவாதலூப்பே மாதா மடத்தின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். தம் கப்பலின் பெயரை மரி-கலாந்துக்கு வைத்தார். ஐரோப்பியர் அன்னாசிப் பழத்தை முதன்முதலில் சுவைத்ததும் இங்கேதான் என்று சொல்லப்படுகிறது. ஆனால் பொன் இல்லாத தீவில் ஸ்பானியர் நிலைகொள்ளவில்லை. 1635இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள்தாம் நிலைத்தனர். தொடர்ந்த போர்களில் கலினாகோ மக்கள் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் தீவிலிருந்து ஏறத்தாழ மறைந்துபோயினர். பெயர் மாற்றத்தோடு தொடங்கிய கதை ஆள் மாற்றத்தில் முடிந்தது.

சர்க்கரையின் விலை

1654இல் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து டச்சுக்காரர்களை வெளியேற்றினர். அவர்களில் சிலர் கரும்பாலை நுட்பத்தோடு இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதன் பிறகு புகையிலை பின்தங்கிக் கரும்பு முன்னேறியது. கரும்புக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டார். 1685இல் பதினான்காம் லூயி வெளியிட்ட கருப்பர் சட்டம் அடிமையை அசையும் சொத்து என்று வரையறுத்தது. மேசை, நாற்காலியைப் போல.

சர்க்கரையின் மதிப்பு அன்று எத்தகையது என்பதை விளக்க ஓர் ஒப்பந்தம் போதும். ஏழாண்டுப் போரின்போது 1759இல் ஆங்கிலேயர் குவாதலூப்பைக் கைப்பற்றினர். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சு பரந்து விரிந்த கனடாவை விட்டுக்கொடுத்து, குவாதலூப்பையும் மர்த்தினிக்கையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. கனடாவின் பனிவெளியைவிட இந்தச் சின்னஞ்சிறு கரும்புத் தீவுகளே இலாபகரமானவை என்பது பாரிஸின் கணக்கு. அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் அடிமைகளின் உயிர்கள் இருந்தன.

1802 மே 28

பிரெஞ்சுப் புரட்சியின் அலை இங்கும் வந்தது. 1794 பிப்ரவரி 4இல் பாரிஸின் புரட்சி மன்றம் அடிமை முறையை ஒழித்தது. அந்த ஆணையோடு விக்தோர் யூக் என்ற ஆணையர் குவாதலூப்புக்கு வந்தார். மறு கையில் கில்லட்டினையும் கொண்டுவந்தார். மீண்டும் நுழைந்திருந்த ஆங்கிலேயரை விரட்டினார். விடுதலை பெற்றவர்களைக் கட்டாயத்தின் பேரில் பழைய தோட்டங்களிலேயே வேலைசெய்ய வைத்தார். அரைகுறை விடுதலைதான். ஆயினும், சொத்தாக இருந்தவர்கள் சட்டத்தின் முன் மனிதரானார்கள். எட்டாண்டுகள் அந்த நிலை நீடித்தது.

1802இல் நெப்போலியன் தளபதி ரிஷ்பான்ஸ் தலைமையில் படையை அனுப்பினார். கருப்பினப் படைவீரர்களின் ஆயுதங்களைப் பறித்து, பழைய முறையை மீட்பதே நோக்கம். எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் மர்த்தினிக்கில் பிறந்த கலப்பின அதிகாரி லூயி தெல்கிரேஸ். மே 10ஆம் நாள் உலகம் முழுவதையும் விளித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரது தோழர் இஞ்ஞாஸ் மற்றொரு முனையில் போரிட்டு மாண்டார். தோல்வி உறுதியானபோது தெல்கிரேஸும் அவரைச் சார்ந்தோரும் சூஃப்ரியேரின் அடிவாரத்தில் மத்தூபா என்ற இடத்திலுள்ள தோட்டமொன்றுக்குப் பின்வாங்கினர். மே 28ஆம் நாள், பகைவர் நெருங்கியதும், வெடிமருந்துக்குத் தீயிட்டுத் தம்மைத் தாமே வெடித்துக்கொண்டு மாண்டனர். ஏறத்தாழ முந்நூறு பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புறநானூற்றையும் பரணிகளையும் பாடம் நடத்தும் நமக்கு வீரச்சாவு புதிய பொருளன்று. எனினும் நம் பாடல்களில் மடிபவர் பெரும்பாலும் மன்னர். அன்றேல் மன்னனுக்காக மடியும் மறவர். இங்கே மடிந்தவர்கள் மீண்டும் விற்கப்பட மறுத்தவர்கள்.

அந்தப் போராட்டத்தில் பிடிபட்ட சொலித்யூத் என்ற பெண் கருவுற்றிருந்தாள். பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து, 1802 நவம்பரில் அவளுக்கு மரண தண்டனையை நிறைவேற்றினார்கள் என்று வரலாறு குறிக்கிறது. பிறக்கும் குழந்தை தோட்டக்காரரின் சொத்து என்பதால்தான் அந்தக் காத்திருப்பு. ஆந்த்ரே ஷ்வார்ஸ்-பார் 1972இல் அவள் பெயரிலேயே ஒரு நாவல் எழுதினார். 2022இல் பாரிஸில் அவளுக்குச் சிலை எழுந்தது.

பாஸ்-தேர் நகரிலுள்ள பழைய கோட்டையைப் பயணிகள் தவறாமல் காண வேண்டும். வெற்றி பெற்ற ரிஷ்பான்ஸ் சில மாதங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்து அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கோட்டைக்கும் அவர் பெயரே நெடுங்காலம் வழங்கியது. 1989இல் அது தெல்கிரேஸ் கோட்டை ஆயிற்று. வென்றவரின் கல்லறை தோற்றவரின் பெயர் தாங்கிய மதிலுக்குள் இன்று கிடக்கிறது.

ஒப்பந்தக் கப்பல்கள்

அடிமை முறை இறுதியாக ஒழிந்தது 1848இல். ஏப்ரல் 27ஆம் நாள் ஆணைக்குப் பின்னால் நின்று உழைத்தவர் விக்தோர் ஷெல்ஷேர். குவாதலூப்பில் ஏறத்தாழ 87,000 பேர் விடுதலை பெற்றனர். இழப்பீடு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களை இழந்த முதலாளிகளுக்குக் கிடைத்தது. விடுதலை பெற்றோரில் பலர் கரும்புத் தோட்டத்தில் மீண்டும் கால்வைக்க விரும்பவில்லை. குறைந்த கூலிக்கு, கட்டுப்பட்டு உழைக்கும் ஆட்கள் வேண்டும் என்று முதலாளிகள் கேட்டார்கள். அரசின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது.

1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதி இந்தியர்களை மர்த்தினிக்கில் இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நாட்களை ஒட்டி, முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களை குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் மேஸ்திரிகள். 1861இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேய இந்தியாவிலும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. 1889 தொடக்கம் வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த புகார்களால் 1880களின் இறுதியில் பிரிட்டன் இந்த ஏற்பாட்டை நிறுத்தியது.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக் காலத்துக்கு. முடிந்ததும் இலவசமாகத் திரும்பும் உரிமை அதில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் திரும்பியவர்கள் சிறுபான்மையினரே. நோயிலும் உழைப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியோர் மறு ஒப்பந்தத்தில் சிக்கியோ, வேர் பிடித்தோ தங்கிவிட்டனர். கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று விடுதலை பெற்ற கருப்பினத்தார் தொடக்கத்தில் இவர்களை வெறுத்ததும் உண்டு. அந்த வெறுப்பை விதைத்தது முதலாளியின் கணக்கு. ஒரே கணக்கால் வதைக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் பகைத்தனர். தோட்டங்களின் வரலாற்றில் இது பிற நாடுகளிலும் நாம் காணும் காட்சிதான்.

ஒரு சிதம்பரத்தின் பத்தொன்பது ஆண்டுகள்

குவாதலூப்பில் பிறந்த இந்தியரின் பிள்ளைகள் எந்த நாட்டவர்? பிறந்தது பிரெஞ்சு மண்ணில். பெற்றோர் பலர் ஆங்கிலேய இந்தியக் குடிகள். இத்தயக்கத்தைக் காரணம் காட்டி, அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது.

இதை எதிர்த்து நின்றவர் ஆன்ரி சிதம்பரம். பிரெஞ்சுப் பதிவேட்டில் அவர் பெயர் 'சிதாம்பரோம்' என்றிருக்கும். 1863இல் கபெஸ்தேர் என்ற ஊரில் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, கல்வி கற்று, உள்ளூர்ப் பொதுவாழ்வில் மதிப்புப் பெற்றவர். 1904இல் இந்திய வம்சத்தாரின் குடியுரிமைக்காக அவர் தொடங்கிய வழக்கு, காலனி நிருவாகத்தின் எதிர்ப்பைத் தாண்டி, உலகப் போரையும் தாண்டி நீண்டது. புவன்காரே பிரதமராக இருந்த 1923இல்தான் வெற்றி கிட்டியது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் ஏந்திய ஆயுதம் மனுவும் சட்டமும் மட்டுமே. 1952இல் மறைந்த அவரை இன்றும் தீவு நினைவில் வைத்திருக்கிறது.

தெல்கிரேஸையும் சிதம்பரத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் வெடிமருந்தைக் கையிலெடுத்தார், மற்றவர் விண்ணப்பத்தாளை. காலமும் சூழலும் வேறு. கேட்டது ஒன்றே: எங்களை ஆட்களாகக் கணக்கில் வை.

எஞ்சிய சொற்கள்

மொழி பிழைத்ததா என்பது நம்மவர் தவறாமல் எழுப்பும் வினா. பேச்சுமொழியாகத் தமிழ் பிழைக்கவில்லை. பள்ளியில் பிரெஞ்சும் தெருவில் கிரியோலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் சில சொற்கள் பிழைத்தன. எவை பிழைத்தன என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும்: அடுக்களைச் சொற்களும் கோயில் சொற்களும்.

குவாதலூப்பின் புகழ்பெற்ற உணவு 'கொலொம்போ'. மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகவைப்பது. கொழும்பு நகரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். நம் காதுக்கு அது 'குழம்பு' என்றே ஒலிக்கிறது; ஆய்வாளர் பலரும் அவ்வாறே கொள்கின்றனர். இன்று அது இந்திய வம்சத்தாரின் உணவு மட்டுமன்று, தீவு முழுவதற்கும் உரிய உணவு. அதுபோலவே, கிரியோல் பெண்கள் விழா நாட்களில் அணியும் கட்டம்போட்ட தலைத்துணிக்கும் ஆடைக்கும் 'மத்ராஸ்' என்றே பெயர். சோழமண்டலக் கரையின் துணி அங்கே போய்ச் சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். நெய்தவன் நாட்டு மக்கள் கூலிகளாகப் பின்னால் வந்தார்கள்.

கோயிலுக்குள் போனால் 'மலியெமின்' இருக்கிறாள். நம் மாரியம்மன்தான். மதுரைவீரன் 'மால்தெவிலின்' ஆகியிருக்கிறார். பூசை செய்பவர் 'வாத்தியாலு', அதாவது வாத்தியார். வேப்பிலைக்கு 'வெப்பெலெ'. நாகூர் மீராவின் பெயரால் கொடிமரம் நட்டு, கடல் கடந்து பத்திரமாக வந்தமைக்கு நன்றி செலுத்தும் வழக்கமும் உண்டு. மாரியம்மன் கோயிலில் நாகூர் ஆண்டவருக்குக் கொடி! கப்பல் ஏறும் சோழ நாட்டான் எந்தச் சமயத்தவனாயினும் நாகூரை வேண்டிக்கொள்வான் என்பதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. வழிபாட்டுப் பாடல்கள் வாய்மொழியாகவும் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய குறிப்பேடுகள் வழியாகவும் கைமாறி வந்துள்ளன. பாடுவோரில் பலருக்குப் பொருள் தெரியாது. பொருள் போன பின்னும் ஒலியை நான்கைந்து தலைமுறை காப்பாற்றியிருக்கிறார்கள். சமீப காலத்தில் தமிழ் கற்கும் ஆர்வமும் அங்கே துளிர்த்திருக்கிறது.

கபெஸ்தேரில் ஷாங்கி என்ற இடத்திலுள்ள வண்ணமயமான கோயில் இன்று சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கும் இடம். கொலம்பஸ் கரையிறங்கியதும், சிதம்பரம் பிறந்ததும், கார்பே அருவி வீழ்வதும் இதே ஊரின் எல்லைக்குள்தான்.

மூவர் எழுத்து

இத்தனை சிறிய தீவிலிருந்து எழுந்த இலக்கியம் வியப்பளிப்பது. 1960இல் நோபல் பரிசு பெற்ற சேன்-ஜோன் பெர்ஸ் 1887இல் புவாந்த்-ஆ-பித்ரில் பிறந்தவர். தோட்ட முதலாளி வர்க்கத்தைச் சேர்ந்த வெள்ளையர். அவரது தொடக்கக் கவிதைகளில் இத்தீவு ஒரு குழந்தையின் சொர்க்கமாக விரிகிறது. அதே நகரில் பிறந்து 2024இல் மறைந்த மரீஸ் கோந்தே, அந்தச் சொர்க்கத்தில் உழைத்தவர்களின் பக்கமிருந்து எழுதினார். 2018இல் நோபல் பரிசு வழங்கப்படாத ஆண்டில், அதற்கு மாற்றாக அறிவிக்கப்பட்ட பரிசு அவருக்குக் கிடைத்தது. 1989இல் வெளிவந்த அவரது 'அலையாத்திக் காட்டைக் கடத்தல்' நாவலில், இறந்துபோன ஒருவனின் உடலைச் சுற்றிக் கூடிய சிற்றூர் மக்கள் ஒவ்வொருவராக நினைவுகூர்கிறார்கள். அவர்களில் இந்திய வம்சக் குடும்பம் ஒன்றும் உண்டு. மூன்றாமவர் எர்னெஸ்த் முத்துசாமி. 1941இல் சேன்-பிரான்சுவா என்ற ஊரில் பிறந்து, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 1981 முதல் 2002 வரை உறுப்பினராக இருந்தவர். கவிஞர், நாவலாசிரியர். தம் முன்னோரின் பயணத்தை 1987இல் 'ஒரோர்' என்ற நாவலாக எழுதினார். வாக்குரிமை மறுக்கப்பட்டவர்களின் வம்சத்தில் ஒருவர் பாரிஸில் சட்டம் இயற்றும் மன்றத்தில் அமர்ந்தார் என்பதைச் சிதம்பரத்தின் வழக்கோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும்.

இன்றைய தீவு

1946இல் குவாதலூப் காலனி என்ற நிலை நீங்கி பிரான்சின் ஒரு மாவட்டம் ஆயிற்று. இன்று அங்கே செலாவணி யூரோ. கடவுச்சீட்டு ஐரோப்பிய ஒன்றியத்துடையது. ஆனால் பழைய கணக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 1967 மே மாதம் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இறந்தோர் எண்ணிக்கை இன்றளவும் சர்ச்சைக்குரியது. 2009இல் விலைவாசியை எதிர்த்து 44 நாட்கள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை தெளிக்கப்பட்ட குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லி மண்ணிலும் நீரிலும் தங்கிவிட்டது. குவாதலூப், மர்த்தினிக் தீவுகளில் வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இரத்தத்தில் அது இருப்பதாக ஆய்வுகள் கண்டன. அழகிய நீர்களின் தீவில் சில ஆற்று மீன்களை உண்ணக்கூடாது என்று தடை. பிரான்சில் 1990இல் விலக்கிய நஞ்சுக்கு இத்தீவுகளில் மட்டும் மூன்றாண்டுச் சலுகை தரப்பட்டது. குற்ற வழக்கை 2023இல் பாரிஸ் நீதிபதிகள் முடித்துவைத்தபோது யாரும் தண்டிக்கப்படவில்லை.

புவாந்த்-ஆ-பித்ர் கடற்கரையில், தர்புசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், 2015இல் 'மெமோரியல் ஆக்ட்' என்ற அடிமை வணிக நினைவகம் திறக்கப்பட்டது. தீவுக்குச் செல்ல வாய்ப்புள்ளவர்கள் கடற்கரைக்குப் போகும் முன் அங்கே போவது நல்லது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற 'க்வோ-கா' பறையிசையையும் கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் பறையும், புதுச்சேரியிலிருந்து போனவர்களின் மத்தளமும் ஒலிக்கும் தீவு அது.

பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு மொழிபெயர்க்கும் நல்ல மரபு நமக்கு உண்டு. புதுச்சேரி அதன் தாய்வீடு. காம்யுவும் சேந்த்-எக்சுபெரியும் அவ்வழியே நமக்குக் கிடைத்தார்கள். கோந்தேயும் முத்துசாமியும் அவ்வழியே வர வேண்டும் என்பது நம் விருப்பம். புதுச்சேரியில் கப்பலேறிய பெயர்கள் திரிந்து, தேய்ந்து, பிரெஞ்சுப் பதிவேட்டில் உறைந்துபோயின. அவை தமிழ் எழுத்துக்குத் திரும்பும்போதுதான் சிதாம்பரோம் சிதம்பரமாகவும் கொலொம்போ குழம்பாகவும் நமக்கு அடையாளம் தெரியும்.